குங்கிலியமும் செங்கல் தூளும்

அந்த வாரத்தில் நான்கு நாள்களை மட்டும் கிழமையோடு என்னால் சொல்ல முடியும். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். தேதி கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த ஆண்டிறுதி விடுமுறை என்பது உறுதி. அந்த விடுமுறையில்தான் எங்கள் தோட்டத்து மேட்டுப் பக்கத்தில் பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களைச் சாய்த்து, செம்பனை என்ற எண்ணெய்ப்பனை நட இடம் துப்புரவு செய்தார்கள். நவம்பரா டிசம்பரா என்று கேட்டால் மழையைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். மலேசியாவில் கோலா கங்சாருக்கும் தைப்பிங்குக்கும் நடுவே இருந்த எங்கள் தோட்டத்தில் மழை எந்த மாதத்துக்கும் நம்பகமான சாட்சி இல்லை. மூடப்பட்ட தோட்டங்களைப் பற்றிப் பல வருடங்களாகக் குறிப்பு எழுதி வருகிறேன். பிறர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தேதி தேடிக் கொடுத்திருக்கிறேன். சொந்த விஷயத்தில் நான்கு கிழமைகளோடு நிற்கிறேன். இனிமேல் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் குறைந்துவிட்டது.

இப்போது இதை எழுதக் காரணம் பசை. பழங்கால மனிதர்கள் கல்லையும் மரத்தையும் ஒட்டுவதற்கு என்ன செய்தார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லெங்கோங் அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்க்கப் போனதில் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் கற்கள் இருந்தன, பிடிகள் இல்லை. பிடி போட்டார்களா, வெறும் கையிலேயே பிடித்தார்களா என்று எங்கள் ஊர் ஈரத்திடம் கேட்டுப் பயனில்லை. இங்கே மரமும் பிசினும் தங்குவதில்லை. வேறு நாடுகளில் கொஞ்சம் தங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் நியண்டர்தால் மனிதர்கள் பிர்ச் மரத்தின் பட்டையைச் சுட்டுத் தார் எடுத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கக் குகைகளில் மரப்பிசினோடு சிவப்புக் காவிக்கல்லைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள். பிடி மக்கிப்போகிறது. பிடித்த கை எப்போதோ போய்விட்டது. கல்லின் ஓர் ஓரத்தில் கறை மட்டும் மிஞ்சுகிறது.

அந்தக் கறையை வைத்துக்கொண்டு அறிஞர்கள் வாதாடுகிறார்கள். பிசின் ஓர் இடத்தில், காவிக்கல் வேறு இடத்தில். இரண்டையும் சேர்த்து வைத்து, நெருப்பு அதிகமாகாமல் பார்த்து, ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே நினைக்கத் தெரிந்தவர்தான் இதைச் செய்திருக்க முடியும் என்பது ஒரு கட்சி. அவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டாம், பட்டை எரியும்போது பக்கத்துக் கல்லில் தார் தானாகவே படியும், அதைச் சுரண்டி எடுத்திருப்பார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சொல்லாத ஒரு காரணம் எனக்குத் தெரியும். அதற்கு அந்த வெள்ளிக்கிழமைக்குப் போக வேண்டும்.

அம்மாவிடம் ஒரு பாராங் இருந்தது. முழங்கை நீளமுள்ள வெட்டுக்கத்தி. பால்மரம் சீவும் வேலை குறைந்த பிறகு, ஒரு குத்தகைக்காரரிடம் காடு வெட்டும் வேலைதான் தோட்டத்துப் பெண்களுக்கு மிச்சம் இருந்தது. கத்தி அவரவர் கொண்டுவர வேண்டும். கத்தி இல்லாமல் போனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் லோரியில் ஏற்ற மாட்டார். அந்த இடத்துக்கு அடுத்த லயத்திலிருந்து, அதாவது அடுத்த வரிசை வீடுகளிலிருந்து, ஒரு ஆள் காத்துக்கொண்டிருப்பார், மறுநாள் கத்தியோடு போனாலும் இடம் திரும்பக் கிடைக்காது. அப்பா பாகான் செராயில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போவார். ஆகவே வீடு நடந்தது அந்தப் பாராங்கின் கூர்மையில்தான்.

அந்த வாரம் அதன் பிடி ஆட ஆரம்பித்தது. சனிக்கிழமை வரை துணி சுற்றிச் சமாளித்துவிட்டு, அன்றைய வேலை முடிந்ததும் அம்மா கத்தியைப் பிடியிலிருந்து உருவித் தனித்தனியாகச் சுவரோரம் வைத்தார். பிடிக்குள் நுழையும் கத்தியின் வால் பகுதியைக் குங்கிலியம் என்ற மரப்பிசினை உருக்கி வைத்துத்தான் ஒட்டுவார்கள். கோலா கங்சார் சந்தையில் பாராங் விற்கும் மலாய்க்காரப் பெரியவர், 'பாக்சிக்' ஒருவரிடமிருந்து மாமா அதை வாங்கி வருவார். மாமா அம்மாவுக்குத் தம்பி. ஒட்டுப்பால் என்ற உறைந்த ரப்பர் கழிவை ஏற்றும் லோரியில் உதவியாள், வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, எல்லோரையும் கேலி செய்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். அவர் முன்பே கொண்டுவந்திருந்த குங்கிலியக் கட்டி எலுமிச்சம்பழ அளவு இருந்தது. மஞ்சளாக, ஒளி புகும்படி. அம்மா அதை நாளிதழில் சுற்றி, ஒழுகாத ஒரே இடமான சாமி மேடையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவது என் வேலை. அன்றைக்கு டப்பா காலியாக இருந்தது. பக்கத்தில் நாளிதழ்ப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் மஞ்சள் கட்டி. சாமி மேடையில் இருக்கும் மஞ்சள் கட்டி வேறு என்னவாக இருக்க முடியும்? உடைத்துத் தூபக்காலில் ஒரு துண்டு போட்டேன். அது சாம்பிராணி போல் புகையாமல் முதலில் உருகியது, பிறகு கரும்புகையாகக் கிளம்பியது. ஈரத்தில் கெட்டுப்போன சாம்பிராணி என்று நினைத்து இன்னொரு துண்டு போட்டேன். அப்புறம் இன்னொன்று. வாசனை வரும்வரை போட்டேன் என்பதுதான் உண்மை. வந்தபோது காகிதத்தில் தூள்தான் மிச்சம் இருந்தது.

அம்மா வேலை முடிந்து, கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் உள்ளே வரவில்லை.

"என்ன வாசம் ஒரு மாதிரியா இருக்கு?"

"புது சாம்பிராணிம்மா."

"ம்."

அவ்வளவுதான். சோறு போட்டார். சாப்பிட்டோம். சட்டியைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "மாமா கொண்டாந்த குங்கிலியம் சாமி மேடையில இருக்கு. ஞாயித்துக்கிழம புடிய ஒட்டணும். திங்கக்கிழம மேட்டுக் காடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மாமா வந்தார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் அவருடைய மோட்டார் சைக்கிளருகே போய் நின்றேன்.

"என்னாடி, மூஞ்சி ஒட்டுப்பால் மாதிரி தொங்குது?"

"மாமா, அந்தக் குங்கிலியம் இன்னொண்ணு இன்னைக்கே வாங்கியாந்து தர முடியுமா?"

"எதுக்கு?"

"ஸ்கூலுக்கு."

"ஸ்கூல் லீவுலா."

அவர் வண்டியைக் காலால் உதைத்துக் கிளப்பினார். "அந்த பாக்சிக் சனிக்கிழம காலையில மட்டும்தான் கடை போடுவாரு. அடுத்த வாரம் பாத்துக் கொண்டு வாரேன். அதுக்குள்ள ஸ்கூலு தொறந்துறாது, கவலைப்படாத." சிரித்துக்கொண்டே போனார். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று பயந்தேன். அந்த வயதில் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா சமைத்து முடித்ததும் பாயில் படுத்து, கையைக் கண்மேல் போட்டுக்கொண்டார். அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைதான். முகம் அதற்கப்புறம். வாரத்தில் ஆறு நாள் வெட்டிய கை கண்ணை மூடிக்கொள்ள மட்டும் ஏழாவது நாளில் வேலை செய்தது. நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

"அம்மா, நான் புடிய ஒட்டட்டா? நீங்க செய்றதப் பாத்திருக்கேன்."

தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அடுப்பப் பாத்துக்க. கையச் சுட்டுக்காத."

இவ்வளவு எளிதாக விடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் இருந்தவை இவை. காகிதத்தில் ஒரு சிட்டிகைத் தூள். தூபக்காலின் அடியில் உருகி உறைந்துபோன கறுப்புப் படிவு, சாம்பலோடு சேர்த்துச் சுரண்டியது. பழைய பிடியின் துளைக்குள்ளிருந்தும் கத்தியின் வாலிலிருந்தும் ஆணியால் பெயர்த்த பழைய குங்கிலியம். எல்லாவற்றையும் பால் டின் மூடியில் போட்டு உருக்கினால் துளையின் பாதிக்குக்கூட வராது. மீதிக்கு ஏதாவது வேண்டும். நிறமும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். பின்கட்டுச் சாக்கடையோரத்தில் செங்கல் ஒன்று நொறுங்கிக் கிடந்தது. அதைக் கல்லால் தட்டி, அம்மாவின் பழைய சேலைத் துணியில் சலித்துச் செந்தூள் எடுத்தேன். பாதிக்குப் பாதி கலந்தேன். உறைந்ததும் விரலால் அழுத்திப் பார்த்தேன், உதிர்ந்தது. மறுபடி உருக்கி, தூளைக் குறைத்து, கரண்டு போகும் நாளுக்காக வைத்திருந்த மெழுகுவர்த்தியில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டேன். ஏன் மெழுகைப் போட்டேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. டின் மூடியில் இன்னும் இடம் இருந்தது, அதுதான் காரணமாக இருக்கும்.

இந்த முறை அது உதிரவில்லை. பிடியின் துளையை நிரப்பினேன். கத்தியின் வாலை அடுப்பில் காயவைத்து, ஈரச் சாக்கால் கத்தியைப் பிடித்து, துளைக்குள் அழுத்தினேன். சிவப்பும் கறுப்புமாகக் கொதித்து வெளியே வழிந்தது. சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்கவில்லை. ஆறிய பிறகு இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. படிக்கட்டில் தட்டிப் பார்த்தேன், வரவில்லை. பிடியின் வாயில் மட்டும் செந்நிறமாக ஒரு வளையம் தெரிந்தது. அதன்மேல் அடுப்புக் கரியைத் தேய்த்தேன்.

பிசின் தனியாக இருந்தால் கண்ணாடி மாதிரி, ஓங்கி அடித்தால் விண்டுபோகும். நுண்ணிய தூள் சேர்ந்தால் அடியைத் தாங்கும், அளவு மிஞ்சினால் உதிரும். கொஞ்சம் மெழுகு அதற்கு வளைவு கொடுக்கும். இதையெல்லாம் சோதனை செய்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள், நான் இந்த வயதில் படிக்கிறேன். காவித்தூள் கலந்தது அலங்காரத்துக்கா, உறுதிக்கா என்றும் விவாதம் உண்டு. அன்றைக்கு எனக்கு இரண்டும் நோக்கமில்லை. நாளையை நினைக்கும் அறிவு என்று அவர்கள் சொல்வது என்னிடம் பயமாகத்தான் இருந்தது. முதன்முதலில் செந்தூளைப் பிசினில் கொட்டிய ஆளும், தீர்ந்துபோன பிசினை யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டப் பார்த்த ஒரு பிள்ளையாக இருந்திருக்கலாம். ஆனால் கறையில் அதெல்லாம் தெரியாது.

திங்கட்கிழமை விடியும் முன்பே அம்மா போய்விட்டார். நான் எழுந்தபோது சுவரோரம் காலி. அதன் பிறகுதான் எனக்கு வேறொரு நினைவு வந்தது. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் காலை இழுத்து இழுத்து நடப்பார். காடு வெட்டும்போது வரிசையில் பக்கத்தில் நின்றவரின் பாராங் பிடியிலிருந்து கழன்று பறந்து அவருடைய கெண்டைக்காலில் பாய்ந்ததாம். இந்தக் கதை எனக்கு நெடுநாளாகத் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. மறைப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன். இப்போது அம்மாவின் கையில் இருப்பது சாமிக்குப் போட்ட மிச்சமும் சாக்கடைச் செங்கலும்.

வேலைக்காரர்களின் லோரி பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் மேட்டிலிருந்து இறங்கும். அதற்கு முன் இறங்கினால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். நான் வாசற்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தம் வரக்கூடாது என்று காத்திருந்தேன். அரிசி களையவில்லை. சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, அவரும் அதே வரிசையில் வெட்டுபவர். அவருடைய கால்களை நினைத்தேன். மெலிந்த கால்கள்.

பத்தரை மணிக்கு லோரி இறங்கியது.

பத்தரை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கடைசி வீட்டு வானொலியில் மணி சொன்னார்கள். நான் ஓடினேன். செம்மண் பாதை வழுக்கியது. பாதி தூரத்தில் மழை என்னைப் பிடித்தது. மேட்டில் அது முன்பே தொடங்கியிருக்கிறது, அதனால்தான் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. லோரி நின்றது. பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சின்னம்மா இறங்கினார், இரண்டு காலிலும். அம்மா கடைசியாக இறங்கினார். கையில் பாராங். பிடியில் கத்தி இருந்தது.

"ஏன்டி மழையில ஓடியாந்தே?"

"சும்மா."

பாராங்கை என்னிடம் நீட்டினார். "புடி. தூக்கிட்டு வா." அவருடைய கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம் மழையில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் பிடியின் வாயைப் பார்த்தேன். கரி கழுவிப்போய், செந்நிற வளையம் பளிச்சென்று தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்தபடியே வீடு வரை நடந்தேன். ஏமாற்றிவிட்டேன் என்ற சந்தோஷம் மெல்ல மெல்ல வந்தது. ஒரு விதத்தில் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பாராங் அதற்கப்புறம் பல வருடம் கழலாமல் உழைத்தது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தபோதும் கூட வந்தது. அம்மா போன பிறகு சாமான்களைப் பிரித்தபோது கிடைத்தது. பிடியைக் கரையான் தின்றுவிட்டது. துருவேறிய வாலைச் சுற்றி, மரத்தின் ரேகை பதிந்த செந்நிற ஓடு மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் சென்ற மாதம் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது ஈப்போவில் மலிவுவிலை அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறார். லிப்ட் பெரும்பாலும் ஓடுவதில்லை. ஏறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்கு வேண்டியது ஒரு தேதி மட்டும்தான் என்றேன்.

"தேதியா? எழுதி வெக்கிறவ நீ. என்னையக் கேக்குறே."

"மேட்டுக் காட்டுல மழையில வேல நின்னுச்சே சின்னம்மா, ஒரு திங்கக்கிழம. மரம் சாய்ச்ச வருசம்."

அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "மழையில நின்ன நாளு எத்தனையோ இருக்கு." பிறகு என் மடியிலிருந்த கத்தியின் வாலைப் பார்த்தார். "ஓ. உங்கம்மா ஓரத்துல நின்ன அன்னைக்கா?"

எந்த ஓரம் என்று கேட்டேன்.

"எப்பவும் நடுவுல, என் பக்கத்துலதான் வெட்டுவா. அன்னைக்கு மண்டோர்கிட்ட போயி, ஓரத்த எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டா. பள்ளத்துப் பக்கம். லாலான் புல்லு இடுப்பு ஒசரம், அட்டை வேற. காசு குடுத்தாலும் எவளும் போக மாட்டா. மண்டோர் சிரிக்கிறாரு, என்னா அக்கா, பொதையல் இருக்கான்னு. நான் போயிக் கேட்டேன். என்னையத் தள்ளி நில்லுன்னா. புள்ள ஒட்டின கத்தி, செங்கல்லப் போட்டு வெச்சிருக்கா, பறந்தாலும் பறக்கும், பறந்தா பள்ளத்துப் பக்கமே பறக்கட்டும்லான்னா."

"தெரியுமா அம்மாவுக்கு?"

"தெரியாமயா? வெள்ளிக்கிழம வீட்டுக்குள்ள நொழயும்போதே தெரிஞ்சிருச்சாம், குங்கிலியத்தப் புள்ள தூபத்துல போட்டுட்டான்னு. நான் சொன்னேன், ரெண்டு அற வெக்கிறதுதானேன்னு." சின்னம்மா கத்தியின் வாலைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கும் தெம்பு வேணும்லான்னு சொன்னா. ரெண்டு மூணு வாரம் அப்படியே ஓரத்துலதான் நின்னா, கெட்டியாப் புடிச்சிருக்குன்னு தெரியுற வரைக்கும்."

தேதி அவருக்கும் தெரியவில்லை. தேநீர் குடித்துவிட்டு நாலு மாடி இறங்கினேன். பேருந்தில் வரும்போது அந்த நான்கு நாள்களோடு ஐந்தாவதாக ஒரு நாளும் உண்டு என்று நினைவுக்கு வந்தது. இதுவரை அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாமா சொன்னபடியே புதிய கட்டி ஒன்று கொண்டுவந்து, "இந்தா, ஒன் ஸ்கூலுக்கு" என்று அம்மாவுக்கு எதிரிலேயே நீட்டினார். எனக்கு உயிர் போனது. அம்மா கையை நீட்டி அதை வாங்கினார். உருட்டிப் பார்த்தார். பிடியைப் பிரித்து மறுபடி ஒட்டப்போகிறார், எல்லாம் வெளியே வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் அதைச் சாமி மேடையில் காலியாக இருந்த சாம்பிராணி டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"வெள்ளிக்கிழமைக்கு ஆகும். கொஞ்சங் கொஞ்சமாப் போடு" என்று சொல்லிவிட்டு, பாயில் படுத்துக் கையைக் கண்மேல் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கும் குங்கிலியத்துக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.